ருசி பார்க்காமல் ஒரு புளிச் சட்னி

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை காலை. அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, யோசிக்காமலே நாக்கில் வைத்துவிட்டேன். பிறந்த வீட்டில் அப்படித்தான் சமைத்துப் பழக்கம். நிமிர்ந்து பார்த்தால் மாமியார் சமையலறை வாசலில் நிற்கிறார். கோபிக்கவில்லை. "பரவாயில்லைம்மா, அதை அப்படியே மூடித் தனியா வெச்சுடு. பெருமாளுக்கு வேற பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு தானே உட்கார்ந்து மறுபடி புளி கரைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அவர் கை புளியைப் பிசைந்ததை மறக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் சமையல் என்று சொல்வதில்லை, தளிகை என்றுதான் பேச்சு. அன்றன்றைக்குச் செய்வது முதலில் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியாக வேண்டும், அதாவது நைவேத்தியம் செய்தாக வேண்டும். அதற்கு முன்னால் யார் நாக்கிலும் படக்கூடாது. பட்டால் எச்சில். சில கோவில் மடைப்பள்ளிகளில் வாசனைகூட முந்திக்கொள்ளக் கூடாதென்று வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு தளிகை செய்வார்கள். வீட்டில் அவ்வளவு தூரம் போவதில்லை. வாசனை தானாக வந்தால் வரட்டும், முகர்ந்து பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

சாதமும் பருப்பும் இந்த நியமத்துக்குச் சுலபமாகக் கட்டுப்படும். புளி கட்டுப்படாது. பருப்பில் உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சாப்பிட்டுவிடலாம். புளிப்பு, தித்திப்பு, காரம், உப்பு என நாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிற பண்டத்தில் ஒன்று சரிந்தால் எல்லாமே சரியும். நாக்கை ஒதுக்கிவிட்டு அதைச் செய்யக் கற்றுக்கொண்ட கதையைத்தான் எழுதுகிறேன். பூஜை அறைக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும்.

வெல்லம் போட்ட புளிச் சட்னி எங்கள் வீட்டுப் பழக்கமில்லை. மாதம் ஒருமுறை வீட்டில் பஜனை நடக்கும், நாற்பது பேர் வருவார்கள். அதில் ஒரு குஜராத்தி அம்மா உண்டு. ஒரு கோகுலாஷ்டமிக்கு அவர் கச்சோரியும், பேரீச்சம்பழமும் வெல்லமும் போட்ட புளிச் சட்னியும் நைவேத்தியத்துக்கென்று செய்துகொண்டு வந்தார். வெளியில் செய்ததைச் சன்னிதியில் வைக்க மாமியார் தயங்கினார். அந்த அம்மா புரிந்துகொண்டு, "எங்க வீட்லயும் ருசி பாக்க மாட்டோம், வெங்காயம் பூண்டு கிடையாது. உங்க அடுப்புலயே பண்ணித் தரேன்" என்றார். அப்படியே செய்தும் காட்டினார். சட்னியில் என்னென்ன போடுகிறார் என்று மாமியார் பக்கத்திலிருந்தே பார்த்தார். சுக்கு, சீரகம், மிளகு. "காஞ்சிபுரம் வரதராஜர் கோவில் இட்லிக்குப் போடற சாமான்தானே இது" என்று ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பஜனையில் அந்தச் சட்னி இல்லாமல் போனதில்லை. செய்கிற பொறுப்பு என்னுடையது.

முதல் வருஷம் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு மாதிரி வந்தது. ஒருமுறை பல் கூசும் புளிப்பு, அடுத்த முறை பாயசம் மாதிரி தித்திப்பு. அளவெல்லாம் ஒன்றுதான். குற்றம் அளவில் இல்லை, புளியில் இருந்தது. புளியில் டார்டாரிக் அமிலம் 8 முதல் 18 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு மரத்துப் புளியும் இன்னொரு மரத்துப் புளியும் ஒரே எடையில் இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டினால் ஆச்சரியமில்லை. பழம் முற்றினாலும் அந்த அமிலம் குறைவதில்லை, கூடவே சர்க்கரை ஏறுவதால்தான் நாக்குக்குப் புளிப்புத் தணிந்த மாதிரி தெரிகிறது. இது தெரியாமல் அவ்வப்போது கிடைத்த பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, 'ஒரு எலுமிச்சை அளவு' என்று உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வருஷப் புளி வாங்குவதன் அருமை அப்போதுதான் புரிந்தது. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி, வெயிலில் காயவைத்து, கொட்டையும் கோதும் எடுத்து, கல் உப்பு தூவி ஜாடியில் அழுத்தி அடைப்பார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று செய்கிற காரியம் என நினைத்திருந்தேன். அது மட்டுமில்லை. ருசி பார்க்காமல் சமைக்கிற வீட்டில் வருஷம் முழுக்க ஒரே புளி இருந்தால்தான் கை பழகும். இப்போது நானும் அப்படித்தான் வாங்குகிறேன். ஜாடி திறந்த முதல் வாரமே, பஜனை இல்லாத சாதாரண நாளில், 50 கிராம் புளி மட்டும் எடுத்துக் கொஞ்சமாகச் சட்னி செய்து, அதையும் முறையாகக் கண்டருளப் பண்ணி, பிரசாதமாகச் சாப்பிட்டுப் பார்ப்பேன். இந்த வருஷப் புளிக்கு வெல்லம் எவ்வளவு என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். நோட்டில் எழுதிவிட்டால் அடுத்த பங்குனி வரை கவலையில்லை. நாள் ஆக ஆகப் புளி கறுத்துக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகைக்கு மேல் சட்னியின் நிறத்தை வைத்துப் பதம் பார்த்தால் ஏமாந்துபோவோம். நிறத்தைக் கடைசி சாட்சியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, கூடவே ஒரு சின்ன எடை மெஷினும் வாங்கினேன். "கண்ணளவு போதாதா" என்று முதலில் மாமியாருக்கு வருத்தம். அவர் கண்ணுக்கு அறுபது வருஷப் பழக்கம், அதற்குப் போதும். எனக்குப் போதவில்லை. சமைக்கும்போது திருத்த முடியாதவர்கள் சமைப்பதற்கு முன்னால்தான் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு எண்கள் வேண்டும்.

நாற்பது பேருக்கு ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி வருகிற மாதிரி என் நோட்டில் இன்றைக்கு இருக்கிற கணக்கு: கொட்டை எடுத்த புளி 200 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 100 கிராம், வெல்லம் 350 கிராம், தண்ணீர் இரண்டு தடவையாக மொத்தம் 800 மில்லி. இந்துப்பு 10 கிராம், வறுத்துப் பொடித்த சீரகம் 5 கிராம், சுக்குப்பொடி 3 கிராம், மிளகுப்பொடி 2 கிராம், நிறத்துக்கு மிளகாய்த்தூள் 3 கிராம். மிளகாய் சேர்க்காத வீடுகளில் மிளகை 4 கிராமாக்கிக்கொள்ளலாம். வெல்லத்தின் அளவு மட்டும் வருஷத்துக்கு வருஷம் 300க்கும் 400க்கும் நடுவில் ஆடும். ஜாடியில் உப்புப் போட்டு அடைத்த புளி என்றால் இந்துப்பில் 2 கிராம் குறைத்துக்கொள்வேன். மற்றதெல்லாம் அசைவதில்லை.

புளியை முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தூசி, ஓட்டுத் துணுக்கு, எப்போதாவது ஒரு பூச்சி, எல்லாம் அதோடு போகும். பிறகு 600 மில்லி சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். கையால்தான் கரைக்க வேண்டும். இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது.

மூன்றாவது வருஷம், பஜனைக்கு நேரமாகிவிட்டது என்று ஊறிய புளியை மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். கொட்டை எடுத்த புளிதானே என்ற தைரியம். ஓட்டும்போது 'கடக்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. வடிகட்டினேன், நல்ல வழவழப்பு. காய்ச்சினேன், நிறமும் பளபளப்பும் அதுவரை வராத அழகு. துளசி சாத்திக் கண்டருளப் பண்ணி, பிரசாதம் பரிமாறினோம். முதல் வாயிலேயே நாக்கின் இரண்டு ஓரமும் இழுத்தது. பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி துவர்ப்பு. எங்கேயோ மாட்டியிருந்த இரண்டு மூன்று கொட்டைகள் பிளேடில் அரைபட்டிருக்கின்றன. புளியங்கொட்டையின் செந்தோலில் இருப்பதெல்லாம் துவர்ப்புச் சத்து. பாத்திரம் முழுவதையும் கெடுக்க அது கொஞ்சமே போதும். வந்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பிரசாதத்தைக் குறை சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஆனால் அதைப் பெருமாளுக்கு வைத்தேனே என்று அன்று ராத்திரி அழுதேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவன் அவலையும் சாப்பிட்டவன்தானே. அடுத்த மாசம் கையால கரைம்மா" என்றார்.

கையால் கரைத்தால் கொட்டை விரலில் தட்டுப்படும். கோது தட்டுப்படும். ஓட்டுத் துணுக்கு குத்தும். நாக்கு செய்ய முடியாத வேலையைப் பாதிக்குப் பாதி விரல் செய்துவிடும். நன்றாகப் பிசைந்து எவர்சில்வர் வடிகட்டியில் தேய்த்து எடுத்து, சக்கையில் மிச்சமுள்ள 200 மில்லி தண்ணீர் விட்டு இன்னொரு தடவை பிசைந்து வடிக்க வேண்டும். மூன்றாவது தடவை வேண்டாம், அதில் ருசி இருக்காது, தண்ணீர்தான் கூடும். பேரீச்சம்பழத்தை மட்டும் தனியாக ஊறவைத்து மிக்ஸியில் அரைக்கலாம். ஒவ்வொரு பழத்தையும் பிளந்து கொட்டை இல்லையென்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இந்த ஜாரில் ஒருநாளும் பூண்டு அரைத்திருக்கக் கூடாது. எவ்வளவு கழுவினாலும் மூடியின் ரப்பர் வளையத்தில் அந்த வாடை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வீட்டில் வேறு சமையலும் நடக்கிறதென்றால் தளிகைக்கென்று ஒரு ஜாரைத் தனியாக வைத்துக்கொள்வதே நிம்மதி.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதல்லவா, அந்தப் புளியோடு கரைந்து போவது பித்தளையின் மேல்தோல். அதே புளியை ஈயம் பூசாத பித்தளையில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் அது எங்கே போகும் என்று யோசித்தாலே போதும். அலுமினியமும் ஆகாது. அடி கனமான எவர்சில்வர் நல்லது. எனக்குப் பிடித்தது மாமியாரின் கல்சட்டி. ஆனால் கல்சட்டிக்கு ஒரு குணம் உண்டு. அடுப்பை அணைத்த பிறகும் அது தன்பாட்டுக்குக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். எவர்சில்வரில் இறக்குகிற பதத்தில் கல்சட்டியை இறக்கினால், ஆறியபின் சட்னியைக் கத்தி வைத்து வெட்ட வேண்டியிருக்கும். நான் வெட்டியிருக்கிறேன். கல்சட்டியில் ஐந்து நிமிஷம் முன்னதாகவே அணைத்துவிட வேண்டும்.

இனி அடுப்பு. புளிக்கரைசலை முதலில் தனியாகக் கொதிக்கவிட வேண்டும், வெல்லம் அப்புறம். வெல்லம் சேர்ந்தால் கரைசல் கெட்டிப்பட்டு அடி பிடிக்க ஆரம்பிக்கும். பச்சைப் புளி வாடை போகும் வரை காய்ச்ச அப்போது முடியாது. முதல் கொதியில் மேலே வெளுத்த நுரை கட்டும், அதை எடுத்துவிடலாம். பத்து நிமிஷத்தில் நுரை அடங்கும். அடுப்பு நெடியில் மூக்கைச் சுளிக்க வைக்கிற கூர்மை தணிந்துவிடும். முகரத் தேவையே இல்லை, பாத்திரத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றாலே தெரியும். அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு நல்ல வெல்லமானாலும் வடிகட்டியில் மணல் நிற்கும். பேரீச்சை விழுதையும் வெல்லக் கரைசலையும் சேர்த்தபின் தீயைக் குறைத்துவிட்டு மரக்கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

பதம் பார்க்க எனக்கு மூன்று வழி. முதலாவது குமிழி. தொடக்கத்தில் சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக வரும். கெட்டிப்படும்போது குமிழி பெரிதாகும், மெதுவாகும், ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் உப்பி நின்று 'பொளக்' என்று உடையும். அந்த நேரத்தில் கைமேல் தெறித்தால் கொப்புளம்தான், வெல்லப்பாகு ஒட்டிக்கொண்டு சுடும், புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். இரண்டாவது கரண்டித் தடம். அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடம் ஒரு கணம் நின்று மூட வேண்டும். உடனே மூடினால் ஆகவில்லை. மூடாமலே நின்றால் தாண்டிவிட்டது, ஒரு கரண்டி வெந்நீர் விடுங்கள். மூன்றாவது, எனக்கு அதிகம் கைகொடுப்பது, சொட்டு. ஒரு எவர்சில்வர் தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஒரு சொட்டை அதில் விட்டு அரை நிமிஷம் ஆறவிட்டுத் தட்டைச் சாய்த்துப் பார்ப்பேன். சொட்டைச் சுற்றித் தண்ணீர் வளையம் பிரிந்து ஓடினால் இன்னும் கொதிக்க வேண்டும். முழுச் சொட்டும் தேன் மாதிரி மெல்ல வழிந்தால் இறக்கிவிடலாம். அந்தத் தட்டை உடனே கழுவப் போட்டுவிடுவேன். விரலில் பட்டால் கையைக் கழுவிக்கொள்வேன். பழைய பழக்கத்தில் விரல் வாய்க்குப் போகக்கூடாது என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஜாக்கிரதைதான்.

சட்னி ஆறும்போது இன்னும் ஒரு சுற்றுக் கெட்டிப்படும். அடுப்பில் இருக்கும்போது 'இன்னும் கொஞ்சம் ஆகலாமே' என்று தோன்றுகிற இடம்தான் சரியான இடம். இறக்கிய பிறகுதான் உப்பு, சீரகம், சுக்கு, மிளகு, மிளகாய்த்தூள். சீரகத்தைக் கொதியில் போட்டால் வறுத்த மணம் ஆவியோடு போய்விடும்.

இந்துப்பு என்று எழுதியிருக்கிறேன். அந்தக் குஜராத்தி அம்மா கருப்பு உப்பும் போட்டிருந்தார், வடக்கே அதுதான் வழக்கம். நானும் ஒரு வருஷம் போட்டேன். கண்டருளப் பண்ணுவதற்கு வைக்கிற வெள்ளிக் கிண்ணம், சட்னி இருந்த உயரம் வரைக்கும் வளையமாகக் கறுத்துப்போயிற்று. கருப்பு உப்பில் இருக்கிற கந்தகம் வெள்ளியைப் பிடித்துக்கொள்கிறது. விபூதி போட்டுத் தேய்த்தும் போக நாலு நாள் ஆயிற்று. கருப்பு உப்பு கட்டாயம் வேண்டுமென்றால் எவர்சில்வர் கிண்ணத்தில் வையுங்கள். பெருங்காயமும் நான் போடுவதில்லை. கடையில் விற்கிற பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ஏகாதசிக்குத் தானியம் விலக்குகிற வீடுகள் டப்பாவின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

வைத்திருக்கும் விஷயத்தில் நான் ரொம்ப நாள் ஒரு தப்புச் செய்தேன். எல்லாச் சட்னியையும் ஒரே பெரிய பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன். ஒரு நாள் அதிலிருந்து எடுத்துப் பெருமாளுக்கு வைத்து, அதே பாட்டிலிலிருந்து நாங்களும் சாப்பிட்டோம். மறுநாள் அதிலிருந்தே மறுபடி வைக்கப் போனபோது மாமியார் கையைப் பிடித்தார். சாப்பிட எடுத்த பாட்டில் பிரசாதப் பாட்டில், அதைத் திரும்ப நிவேதனம் செய்யக்கூடாது. நியாயம்தான். அன்றிலிருந்து ஐந்தாறு சின்னக் கண்ணாடிப் பாட்டில்களை வெந்நீரில் கொதிக்கவைத்து, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, சட்னியைப் பிரித்து ஊற்றிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் திறக்கும். முதல் கரண்டி பெருமாளுக்கு. மிச்சம் நம்முடையது. திறக்காதவை ஃபிரிட்ஜில் மூன்று வாரம் இருக்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஈரக்கரண்டி பட்டால் அந்த ஒரு பாட்டில்தான் கெடும். மூடி திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தாலோ, மேலே சின்னக் குமிழிகள் தெரிந்தாலோ அது புளித்துவிட்டது என்று அர்த்தம். பூசணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் மேலோட்டமாக எடுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

உப்பு குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று புதிதாகத் தளிகை பழகும் பெண்கள் கேட்பார்கள். கண்டருளப் பண்ணியதில் மேற்கொண்டு சேர்க்க எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இலை ஓரத்தில் உப்பு இருக்கிறது, வேண்டியவர்கள் தொட்டுக்கொள்வார்கள். நான் செய்வது ஒன்றே ஒன்று. சாப்பிட்டுக் கை கழுவியவுடன் நோட்டை எடுத்து எழுதிவிடுவேன். 'உப்பு 1 கிராம் கூட்டணும்.' 'சுக்கு தூக்கல்.' 'வெல்லம் சரி, தொட வேண்டாம்.' ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் நாக்கு மறந்துவிடும். பதினோரு வருஷத்துப் பக்கங்கள் இருக்கின்றன, பாதிப் பக்கங்களில் புளிக்கறை.

மாமியாருக்கு இப்போது எண்பத்திரண்டு. கண் சரியாகத் தெரிவதில்லை, அடுப்படிக்கு வருவதில்லை. கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். போன மாதப் பஜனைக்குச் சட்னி கிளறிக்கொண்டிருந்தேன். குமிழி பெரிதாகிவிட்டது. தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்த்தேன், ஓரத்தில் லேசாகத் தண்ணீர் பிரிந்த மாதிரி ஒரு சந்தேகம். இன்னும் இரண்டு நிமிஷம் விடலாமா என்று கரண்டியோடு நின்றுகொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"சத்தம் மாறிடுத்தும்மா. கல்சட்டிதானே வெச்சிருக்கே? அணைச்சுடு."

அணைத்தேன். சாயங்காலம் பிரசாதத்தை முதலில் அவர் கையில்தான் வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதிக்கோ, எதையும் மாத்தாதே" என்றார்.